"கை வெச்சாதான் வரும்" என்றேன்

கார் எலெக்ட்ரிக்கல் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒயரின் நிறத்தைப் பற்றித்தான். "பாய், சாவியிலேர்ந்து ஸ்டார்ட்டருக்குப் போறது எந்த ஒயர்?" "பாய், இந்த மாடல்ல ரிலே எங்க இருக்கும்?" அதெல்லாம் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் போனிலேயே கிடைக்கும். என்னைவிட நீங்கள் வேகமாகக் கண்டுபிடிப்பீர்கள். நான் சொல்லப்போவது ஒயரைப் பற்றி அல்ல. ஒயரைப் பார்த்துவிட்டு எழுந்து நிற்கிறோமே, அப்போது நம் வாயிலிருந்து வருவதைப் பற்றி. கடலூரில் முப்பத்தைந்து வருஷம் கடை வைத்திருந்தேன். கடையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. பாதிக் கோபம் மற்றவர்கள் மேல். மீதிப் பாதி யார் மேல் என்பது படித்தால் தெரியும்.

வெளியில் வாங்கி மாட்டும் அலாரத்தோடு வரும் வண்டிகள் உங்களிடம் வாரத்துக்கு ஒன்றாவது வரும். கார் கம்பெனி கொடுத்தது இல்லை அது. அக்சஸரீஸ் கடையில் அரை மணி நேரத்தில் மாட்டிவிடுவார்கள். சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி, ஒரு சின்ன ரிலேயை, அதாவது கரண்டில் வேலை செய்யும் சுவிட்சை, இடையில் கொடுப்பார்கள். அலாரம் போட்டிருக்கும்போது அந்த ரிலே வழியை அடைத்துவிடும். திருடன் சாவியைத் திருகினால் எஞ்சின் பேசாது. அந்த வேலையைக் கேவலமாகச் செய்திருந்தால், ஒரு நாள் வண்டி தன் சொந்தக்காரரையே திருடனாக நினைத்துக்கொள்ளும். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், பாட்டுகூடப் பாடும். சாவியைத் திருகினால் மட்டும் ஒரு சத்தமும் வராது.

அப்படித்தான் அன்றைக்கு வக்கீலின் வண்டி சிதம்பரத்தில் நின்றுவிட்டது.

வக்கீல் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். என் பழைய கஸ்டமர். பேர் வேண்டாம். அவருடைய டிரைவர் தேவராஜ், குடிகாட்டைச் சேர்ந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். முன்பு ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். என் கடைக்கு வண்டியைக் கொண்டுவந்தால், வேலை முடியும்வரை ஒரு துணியை வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

காலையில் வக்கீலுக்குச் சிதம்பரம் கோர்ட்டில் ஒரு வேலை. மதியம் இரண்டு மணிக்குக் கடலூர் கோர்ட்டில் ஒரு ஜாமீன் மனு. உள்ளே இருக்கும் பையன் ஒருவனுக்கு அன்றைக்கு ஜாமீன் கிடைத்துவிடும் என்று அவன் வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எனக்குப் போன் வந்தது.

"பாய், வண்டி ஸ்டார்ட் ஆவல. ரெண்டு மணிக்கு நான் கடலூர்ல நிக்கணும். உங்கள விட்டா இத வேற யாரும் பாக்க முடியாது, வாங்க."

அவர் வேறு வண்டி பிடித்துப் போயிருக்கலாம். போகவில்லை. நானும் "வேற வண்டி பாத்துக்குங்க சார்" என்று சொல்லவில்லை. உங்களை விட்டால் ஆளில்லை என்று ஒருவர் சொன்னால் நமக்கெல்லாம் ஒரு கர்வம் வரும், இல்லையா? பைக்கை எடுத்துக்கொண்டு வெயிலில் பறந்தேன். போய்ச் சேரும்போது மணி ஒன்று.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் டிரைவர்கள் வண்டியை விட்டுவிட்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு டீக்கடை. வக்கீல் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தார். தேவராஜ் பானெட்டைத் திறந்துவைத்து, வேர்வையில் நனைந்து நின்றார். சுற்றிலும் ஆறேழு டிரைவர்கள்.

"பேட்டரி மாத்தி வெச்சுப் பாத்துட்டேன் பாய். ஆட்டோமேட்டிக் வண்டி, தள்ளியும் ஸ்டார்ட் பண்ண முடியாது" என்றார் தேவராஜ்.

நான் ஸ்டீரிங்குக்குக் கீழே தலையை விட்டேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அலாரத்துக்குப் போகும் இடத்தில் ஸ்டார்ட்டர் ஒயர் கழன்று, செம்பு தெரியத் தொங்கிக்கொண்டிருந்தது. முறுக்கி, டேப் சுற்றி, எப்படியோ பிடித்துத் திருகி மாட்டினேன். சாவியைத் திருகச் சொன்னேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லாம் பத்து நிமிஷம். சுற்றி நின்றவர்களில் ஒருவர், "பாய் கை வெச்சா சும்மாவா" என்றார்.

நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன். வக்கீல் பக்கத்தில் வந்து நின்று, கூண்டில் நிற்கிற சாட்சியைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"பாய், நேரா சொல்லுங்க. அந்த ஒயரு தானா கழண்டுச்சா? இல்ல யாராவது புடுங்கினாங்களா?"

நான் தேவராஜைப் பார்த்தேன்.

"தானா எப்படி சார் வரும்? கை வெச்சாதான் வரும்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது.

வக்கீல் கையை நீட்டினார். தேவராஜ் சாவியை எடுத்துக் கொடுத்தார். "சார், நான் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார். வக்கீல் கதவைச் சாத்திக்கொண்டு, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தேவராஜின் சாப்பாட்டுப் பையும் வண்டியிலேயே போய்விட்டது. டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக அவரவர் வண்டிப் பக்கம் போனார்கள். நான் டூல் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஊரைத் தாண்டும்போது பஸ் நிற்கும் இடத்தில் அவர் தனியாக நிற்பதைப் பார்த்தேன். என் பைக்கின் பின் சீட்டு காலியாகத்தான் இருந்தது. நிறுத்தவில்லை.

வக்கீல் போய்ச் சேர்வதற்குள் அந்த மனுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆள் இல்லை என்று தள்ளிவைத்துவிட்டார்கள். நடுவில் கோர்ட்டுக்கு விடுமுறை. அந்தப் பையன் இன்னும் பத்து நாள் உள்ளே இருக்கவேண்டியதாயிற்று. வக்கீல் அந்த அவமானத்தை எங்கேயாவது இறக்கிவைக்கவேண்டுமே. அந்த வழக்கில் எதிர்த் தரப்பு மேல்பட்டாம்பாக்கம். தேவராஜின் மாமனார் வீடும் மேல்பட்டாம்பாக்கம். எதிர்த் தரப்பிடம் பணம் வாங்கிக்கொண்டு டிரைவரே ஒயரைப் பிடுங்கிவிட்டார் என்று அவர் மூளையில் ஒரு கதை முழுசாகக் கூடிவிட்டது. அந்தக் கதைக்கு ஒரே ஒரு சாட்சிதான் குறைந்திருந்தது. அதை நான் கொடுத்துவிட்டேன்.

புகார் எழுதிக் கொடுத்தார். தேவராஜைக் கூப்பிட்டு இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். காலையில் போய் உட்காரவேண்டும், சாயங்காலம் அனுப்புவார்கள். யாரிடம் பணம் வாங்கினாய் என்ற ஒரே கேள்வி. பிறகு, கூப்பிட்டால் வரவேண்டும் என்று விட்டுவிட்டார்கள். வேலை போயிற்று. வக்கீலே புகார் கொடுத்த டிரைவரை யார் வேலைக்கு வைப்பார்கள்?

இதெல்லாம் ஒரு வாரத்தில் என் காதுக்கு வந்துவிட்டது. கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. "வக்கீலுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இருபத்தைந்து நாள் கழித்து, ஒரு காலையில் வக்கீலிடமிருந்து மறுபடியும் போன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அவர் வீட்டு போர்ட்டிகோவிலேயே நிற்கிறது. போனேன். மறுபடியும் அதே ஸ்டீரிங், அதே இடம். டார்ச் அடித்துப் பார்த்தேன்.

என்னுடைய டேப் நீல நிறம். எப்போதும் நீலம்தான் வாங்குவேன். அந்த நீல டேப் பசை இளகி, பிசுபிசுவென்று நழுவி இறங்கியிருந்தது. நான் முறுக்கிய முறுக்கு பிரிந்து, செம்பு வெளியே தெரிந்தது. கொஞ்சம் கீழே, நெருப்புப்பெட்டி அளவு ரிலே ஒன்று எந்த ஸ்க்ரூவும் இல்லாமல், ஒயரையே பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது. விரலால் தொட்டேன். ஆடியது. வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அது ஆடி ஆடி ஒயரை இழுத்திருக்கிறது. மதிய வெயிலில் டேப் இளகியிருக்கிறது. மாட்டியவன் ரிலேயைத் திருகி நிறுத்தவில்லை. ஜாயிண்டை ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை. முதல் தடவை கழன்றதும் இப்படியேதான்.

நான் எழுந்திருக்கவில்லை. காரின் கதவுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன பாய், அதேதானா?" என்றார் வக்கீல்.

"அதேதான் சார்."

"வாசக் கேட்டு பூட்டித்தான இருந்துச்சு. சாவி என் தலமாட்டுல இருந்துச்சு. எவன்யா வந்து கை வெச்சான்?"

"யாரும் கை வெக்கல சார். இது நான் போட்ட ஜாயிண்ட்டு. தானா வந்திருக்குது."

ரிலேயை ஆட்டிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். கெட்டிக்கார மனிதர். இரண்டு தடவை சொல்லவேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி. இந்தத் தடவ நல்லா போட்டுக் குடுங்க. நேரமாவுது."

"சார், தேவராஜு?"

"அது வேற விஷயம்."

"அது வேற விஷயம் இல்ல சார். அந்தாளு இத செய்யல. புகார வாபஸ் வாங்கிடுங்க."

"நீங்கதான பாய் சொன்னீங்க? ஒயர நானா பாத்தேன்? நீங்க சொன்னத வெச்சுத்தான நான் எழுதிக் குடுத்தேன்? இப்ப வந்து வாபஸ் வாங்குன்னா என் பேரு என்னாவுறது?"

தினமும் கோர்ட்டில் நின்று "சாட்சி சொன்னதுக்கு ஆதாரம் எங்கே" என்று கேட்கிற மனிதர். என் ஒரு வாக்கியத்துக்கு மட்டும் ஆதாரம் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியதைச் சொன்னேன், எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் சொன்னதும் உண்மைதான். நான்தானே சொன்னேன்.

ஏன் சொன்னேன்? இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்கவேண்டும்.

சிதம்பரத்தில் நிற்பதற்கு இரண்டு மாசம் முன்னால் அந்த வண்டி என் கடைக்கு ஹாரன் வேலைக்கு வந்திருந்தது. அப்போதே அந்த ஜாயிண்டை நான் பார்த்தேன். முறுக்கிச் சுற்றியிருந்ததையும் பார்த்தேன், ரிலே தொங்கியதையும் பார்த்தேன். நம் வேலை இல்லை என்று மூடிவைத்துவிட்டேன். வக்கீல் "தானா கழண்டுச்சா" என்று கேட்ட அந்த நொடியில், ஆமாம் என்றால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். "அப்போ ரெண்டு மாசம் முன்ன நீங்க பாத்தீங்களே, சொல்லலையே பாய்?" அந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான் இன்னொரு மனுஷன் பக்கம் திருப்பிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமல் வந்ததுதான் அதைவிட மோசம்.

அன்றைக்கு அலாரத்தை முழுசாகக் கழற்றி எடுத்தேன். ஒயரைப் பழையபடி சேர்த்து, பற்றவைத்து, மேலே பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டேன். கழற்றுவதற்கு முன்னால் என் போனில் நாலு படம் பிடித்துக்கொண்டேன். கழற்றிய அலாரத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு, அதை மாட்டிய அக்சஸரீஸ் கடைக்கு நேரே போனேன்.

பையைக் கவுண்டரில் கொட்டினேன். "இதுதான் மாட்டுற லட்சணமா? ஒரு ஸ்க்ரூ போட உனக்கு என்னா கேடு? வண்டி ஸ்டார்ட் ஆவாம வழியில நிக்குது." என்று கத்தினேன். கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரருக்கு என் மகன் வயது. "கத்தாதீங்க பாய். அர மணி நேரத்துல முடிக்கணும்னு கஸ்டமரு உயிர எடுக்கறாங்க. எல்லாரும் இப்படித்தான் மாட்டறாங்க" என்றார். பிறகு அந்தக் குப்பையைக் கிளறி, நீல டேப்பை விரலில் எடுத்துப் பார்த்தார்.

"இது எங்க டேப்பு இல்லியே. யாரு சுத்துனது?"

அந்த டேப்பைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

"நீங்களா? அப்போ நீங்களும் முறுக்கித்தான போட்டிருக்கீங்க?"

அலாரத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் ஒரு முழுத் தாளில், என்ன பார்த்தேன், எப்படிக் கழன்றது, முதல் தடவை நான் சொன்னது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, படங்களைப் பிரிண்ட் எடுத்துச் சேர்த்து, குடிகாட்டுக்குப் போனேன். தேவராஜின் மனைவி கதவைத் திறந்தார்.

"யாரு?"

"கடலூர்லேர்ந்து வரேம்மா. கார் எலெக்ட்ரீஷியன்."

"அந்த ஒயரு பாத்தவரா?"

ஆமாம் என்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. தேவராஜ் வெளியே வந்தார். தாளைக் கொடுத்தேன். நின்றபடியே முழுசும் படித்தார். படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன மன்னிச்சிடு தேவராஜ்" என்றேன்.

"ஒயரப் பத்தித்தான அவரு கேட்டாரு? நீங்க ஏன் பாய் என்னப் பாத்தீங்க?"

படங்களைத் தாளுக்குள் மடித்து வைத்துக்கொண்டே தேவராஜ் தொடர்ந்தார்.

"அவரு கேட்டதும் நீங்க என்னப் பாத்தீங்க. அத அங்க நின்ன அத்தன பேரும் பாத்தாங்க. நீங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னியே எம்பொழப்பு போயிடுச்சு. இந்தப் பேப்பர ஸ்டேஷன்ல குடுப்போம், சரி. அங்க நின்னவங்களுக்கு யாரு காட்டறது?"

"என்னா செய்யணும், சொல்லு."

"வந்து சொல்லுங்க. எங்க சொன்னீங்களோ அங்க."

இரண்டு பேரும் முதலில் ஸ்டேஷனுக்குப் போனோம். தாளை வாங்கிக்கொண்டு, புகார் கொடுத்தவர் வந்து சொன்னால்தான் முடியும் என்றார்கள். வக்கீல் போகவே இல்லை. ஆனாலும் அந்தத் தாளைப் புகாரோடு சேர்த்துவைத்தார்கள். அதற்குப் பிறகு தேவராஜைக் கூப்பிடவில்லை.

பிறகு சிதம்பரம். என் பைக்கில் வரச்சொன்னேன். மாட்டேன் என்று பஸ்ஸில் வந்தார். கோர்ட்டு நாள். டீக்கடைப் பக்கம் டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் அன்றைக்கு இருந்தவர்கள். ஐம்பத்தெட்டு வயதில், ஆட்கள் முன்னால் நின்று நான் தப்பு செய்தேன் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க" என்றேன். "அன்னிக்கி வக்கீல் வண்டில ஒயரு கழண்டது தானா கழண்டது. அலாரம் மாட்டுனது சரியில்ல. நான் போட்ட ஜாயிண்ட்டும் அதே மாதிரி தானா வந்துடுச்சு. தேவராஜு கை வெக்கல. கை வெச்சாதான் வரும்னு நான் சொன்னது பொய்யி. என் மேல தப்பு வரக்கூடாதுன்னு சொன்னேன்."

போனில் படங்களைக் காட்டினேன். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயிற்று. "வக்கீலு இத ஒத்துக்கினாரா?" என்றார் ஒருவர். இல்லை என்றேன்.

அவர்களில் மூத்தவர் தேவராஜைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காத மச்சான். வக்கீலு புகார் குடுத்திருக்காரேன்னுதான் உன்ன குரூப்புலேர்ந்து தூக்கினோம்" என்றார். டிரைவர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குரூப் இருந்திருக்கிறது. எங்கே வேலை காலி, யாருக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஆக்டிங் டிரைவர் வேண்டும் என்று எல்லாம் அதில்தான் வருமாம். அதில் இல்லாதவனுக்கு வேலை இல்லை. புகார் கொடுத்த அன்றைக்கே அவரை நீக்கியிருக்கிறார்கள். இது எனக்கு அப்போதுதான் தெரியும்.

மூத்தவர் போனை எடுத்து, "இதோ சேத்துட்டேன்" என்றார். தேவராஜின் சட்டைப் பையில் சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தார். கட்டைவிரலால் இரண்டு தடவை தொட்டார். மூத்தவர் தன் போனைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். தேவராஜ் அந்தக் குரூப்பை விட்டு வெளியேறியிருந்தார்.

"டீ சொல்லட்டா?" என்று யாரோ கேட்டார்கள். தேவராஜ் பஸ் பிடிக்க நடந்தார்.

உங்களுக்குச் சொல்ல எனக்கு இரண்டே விஷயம். வேறு வேலைக்கு வந்த வண்டியானாலும், தொங்குகிற ரிலேயையும் முறுக்கிய ஜாயிண்டையும் பார்த்தால் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். "நம்ம வேல இல்ல" என்கிற பேச்சை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டாவது, எது கழன்றது என்று கேட்டால் சொல்லுங்கள். யார் கழற்றியது என்று எவ்வளவு பெரிய மனிதர் கேட்டாலும், "எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லுங்கள். அந்த மூன்று வார்த்தை அன்றைக்கு என் வாயில் வரவில்லை. அத்தனை வருஷத் தொழில்காரனுக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கம். அதைச் சொல்லத் தெரியாதவன் கரண்ட் சோதிக்கும் மீட்டரைப் பிடிக்கக்கூடாது என்று இப்போது சொல்கிறேன்.

தேவராஜ் அந்த வருஷமே ஒரு பள்ளிக்கூட வேனில் சேர்ந்துவிட்டார். அந்த வேனுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை வந்தால், என் கடையைத் தாண்டி இரண்டு தெரு தள்ளி இருக்கும் இன்னொரு கடைக்குக் கொண்டுபோவார். கடை வாசலில் நான் நிற்பது தெரிந்தாலும் வேகத்தைக் குறைக்கமாட்டார். நான் கடையை மூடும்வரை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். அவர் செய்தது சரி.